தன்வேகத்தில் கல்லூரிக் கணிதம்: தடை தெரியும் இடமும் பிழை இருக்கும் இடமும்

தன்வேகத் தேர்ச்சிமுறைத் திட்டங்களின் வழியாகக் கல்லூரிக் கணிதம் கற்பவர்கள் குமரி மாவட்டத்தில் இப்போது பல வகையினராக இருக்கிறார்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இளங்கலைக் கணிதம் படித்துக்கொண்டே அரியர் தாளுக்காகச் சேர்ந்தவர்கள் உண்டு. பொறியியல் முதலாண்டுக் கணிதத்தில் சறுக்கியவர்கள் உண்டு. வேலைக்குப் போய்ச் சில ஆண்டுகள் கழித்து, முதுகலை நுழைவுத் தேர்வுக்காகவோ ஆசிரியர் தேர்வுக்காகவோ பழைய பாடத்தைத் தூசி தட்டுகிறவர்களும் உண்டு. திட்டங்கள் பெயரிலும் கட்டணத்திலும் வேறுபட்டாலும் அமைப்பில் ஏறத்தாழ ஒன்றுதான். தொடக்கத்தில் ஒரு நிலையறி தேர்வு நடக்கும். பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முன்தேவைகளோடு இணைக்கப்பட்டிருக்கும். ஒரு பாடத்தில் குறித்த அளவு சரியாகச் செய்தால்தான் அடுத்தது திறக்கும். முடித்த பாடங்கள் இடைவெளி விட்டு மீள்பார்வைக்கு வந்துகொண்டிருக்கும்.

இந்த முறைக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல். 1968இல் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் தேர்ச்சிக்காகக் கற்றல் என்ற கருத்தை எழுதினார். அதே ஆண்டில் உளவியலாளர் பிரெட் கெல்லர், கல்லூரி மாணவர் தம் வேகத்தில் ஒவ்வோர் அலகாக முடித்துச் செல்லும் ஒரு முறையை விளக்கினார். கெல்லரின் முறையில் இன்று பலரும் மறந்துவிட்ட ஓர் அங்கம் இருந்தது. அலகுத் தேர்வு எழுதியவுடன், அந்தப் பாடத்தை முன்பே முடித்த ஒரு மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து தாளைத் திருத்துவார். தவறான விடைக்கு எப்படி வந்தாய் என்று கேட்பார். இன்றைய திட்டங்களில் திருத்தும் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது; அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. கீழே சொல்லப்படும் பிழைகளில் பெரும்பாலானவை, பக்கத்தில் ஒருவர் இருந்தால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடக்கூடியவை. தனியாகப் படிப்பவர் அவற்றைத் தாமே தேட வேண்டியிருப்பதால்தான் இப்படி ஒரு வழிமுறை தேவைப்படுகிறது.

நாஞ்சில் நாட்டில் கடைவரம்பு வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் வயலுக்குள் நின்று மண்ணைத் தோண்டுவதில்லை. சானல் கரையோடு மேலே நடந்து, எந்த மதகு அடைபட்டிருக்கிறது, எங்கே ஆகாயத்தாமரை தேங்கியிருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். கணிதத்திலும் தடை ஒரு பாடத்தில் தெரியும், பிழை அதற்கு இரண்டு மூன்று படி முன்னால், ஏதாவதொரு முன்தேவைப் பாடத்தில் இருக்கும். ஆகவே கீழே உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியைத் தேடிச் செல்லுங்கள். ஆனால் அதற்குமுன் ஒரு நோட்டு, பேனா, சமீபத்தில் தவறிய சில கணக்குகளின் வரிவரியான எழுத்து ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் மட்டும் கணக்குப் போட்டு, காகிதத்தில் எதுவும் எழுதாதவர்களுக்கு எந்த அறிகுறியையும் கண்டறிய முடியாது. அவர்கள் முதலில் எழுதத் தொடங்க வேண்டும்.

அறிகுறி: ஒரே பாடத்தில் மீண்டும் மீண்டும் தோல்வி

இதுவே மிக அதிகமாகக் காணப்படுவது, மிகத் தவறாகக் கையாளப்படுவதும் இதுவே. பாடம் தோற்றால் பெரும்பாலோர் அதே காணொளியை மறுபடி பார்க்கிறார்கள், அதே செய்துகாட்டிய கணக்கை மறுபடி வாசிக்கிறார்கள், மறுநாள் மீண்டும் முயன்று மீண்டும் தோற்கிறார்கள். புரியாதது அந்தப் பாடம்தான் என்று எடுத்துக்கொள்வதால் வரும் சுழற்சி இது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பகுதிப் பின்னங்கள் மூலம் தொகையிடல் என்ற பாடத்தில், 1/(எக்ஸ்² − 5எக்ஸ் + 6) என்பதைத் தொகையிடச் சொல்கிறார்கள். மாணவர் மூன்று முறை தோற்றிருக்கிறார். அவருடைய நோட்டைத் திறந்து, முதல் தவறு எந்த வரியில் நிகழ்கிறது என்று மட்டும் பாருங்கள். அதற்குக் கீழே உள்ள வரிகளைப் பார்க்கவே வேண்டாம், ஏனென்றால் அவை தவறான வரியின் பிள்ளைகள். பகுதியை (எக்ஸ் − 2)(எக்ஸ் − 3) என்று பிரிக்கும் முதல் வரியே தடுமாறினால் குறை காரணிப்படுத்தலில் இருக்கிறது; அது உயர்நிலைப் பள்ளிப் பாடம். பிரித்தபின், இரண்டு பின்னங்களின் தொகுதி எண்களைக் கண்டுபிடிக்கும் வரியில் தவறினால், இரண்டு பக்கமும் எல்லா எக்ஸுக்கும் சமம் என்பதன் பொருள் அவருக்குப் பிடிபடவில்லை. எக்ஸுக்கு 2 என்றும் 3 என்றும் பிரதியிடலாம் என்பது ஒரு மந்திரமாகவே மனப்பாடம் ஆகியிருக்கும். அதையும் கடந்து 1/(எக்ஸ் − 3) − 1/(எக்ஸ் − 2) என்று சரியாக வந்தபின் மடக்கையில் குறி மாறிப்போனால், குறை எளிய தொகையிடலில் இருக்கிறது: 1/(3 − எக்ஸ்) என்று எழுதித் தொகையிடும்போது முன்னால் ஒரு கழித்தல் குறி வரும் என்பது கைக்குப் பழகவில்லை. இப்படி மூன்று இடங்களில் தவறும் மூவருக்கும் திரை காட்டும் செய்தி ஒன்றே, ‘பாடம் முடிக்கப்படவில்லை’ என்பதுதான். மூவரும் செல்ல வேண்டிய இடங்கள் வேறு.

முன்தேவைப் பாடங்கள் எல்லாவற்றிலும் தேர்ச்சி பெற்றுத்தானே இங்கே வந்தேன் என்று மாணவர் கேட்பது நியாயம். அதற்கு விடை எளிய நிகழ்தகவில் இருக்கிறது. தேர்ச்சிக்கான எல்லை பத்துக்கு எட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கணக்குக்கு நான்கு திறன்கள் தேவை, ஒவ்வொன்றையும் பத்துக்கு எட்டு முறை சரியாகச் செய்வீர்கள் என்றால், நான்கும் ஒருசேரச் சரியாக அமையும் வாய்ப்பு 0.8 × 0.8 × 0.8 × 0.8, அதாவது ஏறத்தாழ 41 விழுக்காடு. கீழே நான்கு பாடங்களிலும் பச்சை நிறம் பெற்றவர் மேலே பாதிக்குமேல் தோற்பது இப்படித்தான். அதே நான்கு திறன்களையும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்ற நிலைக்குக் கொண்டுவந்தால் வாய்ப்பு 81 விழுக்காடாக உயர்ந்துவிடுகிறது. மேல்பாடத்தில் நேரம் செலவழிப்பதைவிடக் கீழ்ப்பாடத்தைச் சற்றே அதிகமாகக் கூர்தீட்டுவது ஏன் பலன் தருகிறது என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது.

செய்ய வேண்டியது இது. தவறிய கணக்குகளில் குறைந்தது மூன்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் முதல் தவறான வரியை வட்டமிடுங்கள். மூன்று வட்டங்களும் ஒரே வகை வரியில் விழுந்தால் அந்தத் திறனை மட்டும் தனியே எடுத்து, மேல்பாடத்தை மூடிவைத்துவிட்டு, தயக்கமில்லாமல் கை ஓடும்வரை பயிற்சி செய்யுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று அமர்வுகள் போதும். திட்டத்திலேயே அந்தப் பழைய பாடத்தை மறுபடி திறக்க வழி இல்லையென்றால், தமிழ்நாடு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூல்களின் பயிற்சிகள் இதற்கு மிகப் பொருத்தமானவை. கல்லூரிப் புத்தகங்கள் ‘தெரிந்திருக்கும்’ என்று விட்டுவிடும் படிகளை அவை விடுவதில்லை. மூன்று வட்டங்களும் மூன்று வேறு வரிகளில் சிதறி விழுந்தால் அது பெரும்பாலும் அவசரமோ தூக்கமோதான்; பாடத்தை மறுநாள் காலைக்குத் தள்ளிவையுங்கள். வரிகள் எல்லாம் சரியாக இருந்தும் இந்த முறையைத்தான் கையாள வேண்டும் என்று தோன்றாமல் போயிருந்தால், உங்களுடைய அறிகுறி இதுவல்ல, அடுத்தது.

இதே வகையில் அடிக்கடி எதிர்ப்படும் சிலவற்றைக் குறித்துவைக்கிறேன். வகையிடலில் சங்கிலி விதி வரவில்லை என்பவர்களுள் பெரும்பாலோருக்குச் சைன்(எக்ஸ்²) என்பதும் (சைன் எக்ஸ்)² என்பதும் எந்தச் செயல் முதலில், எந்தச் செயல் பிறகு என்று பிரித்துச் சொல்ல வருவதில்லை. ஆகவே அவர்கள் பார்க்க வேண்டியது சார்புகளின் சேர்ப்பு. முன்னதன் வகைக்கெழு 2எக்ஸ் காஸ்(எக்ஸ்²), பின்னதன் வகைக்கெழு 2 சைன் எக்ஸ் காஸ் எக்ஸ் என்பதை விதியாகச் சொல்லிக்கொடுத்து ஒரு பயனும் இல்லை. வர்க்கமூலத்துக்குள் இருக்கும் கூட்டலைப் பிரித்து எழுதுகிறவர்கள், அதாவது √(எக்ஸ்² + 9) என்பதை எக்ஸ் + 3 ஆக்கிவிடுகிறவர்கள், எக்ஸுக்கு 4 என்று இட்டுப் பார்க்கட்டும்: ஒரு பக்கம் 5, மறுபக்கம் 7. எண்ணை இட்டுச் சோதிக்கும் இந்தப் பழக்கம் ஒன்றே பல மதகுகளைத் திறந்துவிடும்.

நேரியல் இயற்கணிதத்தில் ஐகன் வெக்டர் பாடம் ஒரு பெரும் தேக்கம். அணியால் பெருக்கும்போது ஓர் எண் மடங்காக மட்டும் மாறும் பூச்சியமல்லாத வெக்டர்தான் ஐகன் வெக்டர்; அந்த எண் ஐகன் மதிப்பு. முதல் வரிசை 2, 1 என்றும் இரண்டாம் வரிசை 1, 2 என்றும் உள்ள அணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐகன் மதிப்புகள் 3, 1 என்று எல்லோரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆனால் 3ஐ இட்டபின் கிடைக்கும் இரண்டு சமன்பாடுகளும் ஒய் = எக்ஸ் என்ற ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன என்பதைக் கவனிக்காமல், இரண்டு சமன்பாடு, இரண்டு மாறி, ஆகவே ஒரே தீர்வு, அது பூச்சியம் என்று எழுதிவிட்டு நிற்பவர்கள் ஏராளம். அவர்களுக்குத் தேவை ஐகன் வெக்டர் பற்றிய இன்னொரு காணொளி அல்ல. சமபடித்தான, அதாவது வலப்பக்கம் எல்லாம் பூச்சியமான, நேரியல் சமன்பாட்டுத் தொகுப்புக்கு எப்போது ஒரே தீர்வு, எப்போது எண்ணற்ற தீர்வுகள் என்ற பன்னிரண்டாம் வகுப்புப் பகுதியும் அணியின் தரமும்தான்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். கீழே இறங்குவது சிலருக்கு ஒரு புகலிடமாகிவிடுகிறது. குறை காரணிப்படுத்தலில் என்று தெரிந்தால் காரணிப்படுத்தலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்புப் பின்னங்களிலிருந்து எல்லாவற்றையும் ‘முறையாக’ மறுபடி படிக்கப்போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் திரும்பி வருவதில்லை.

அறிகுறி: பாடத்தில் தேர்ச்சி, சில வாரம் கழித்து மீள்பார்வையில் தோல்வி

ஒருமுறை தோற்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. கற்றது முதல் சில நாட்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மங்குகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே தம்மைத்தாமே சோதித்து வெளியிட்டார். இடைவெளி விட்ட மீள்பார்வை அதற்காகவே இருக்கிறது. மீள்பார்வையில் சற்றுத் திணறி நினைவுகூர்வதுதான் நினைவை ஊன்றச் செய்கிறது. ஆகவே மீள்பார்வைக் கணக்கைத் திறந்தவுடன் பழைய பாடத்தைப் புரட்டுவதைக் கைவிடுங்கள். ஐந்து நிமிடமாவது வெறும் தாளோடு உட்காருங்கள்.

ஆனால் ஒரே வகைக் கணக்கு இரண்டு மூன்று மீள்பார்வைகளிலும் தொடர்ந்து வீழ்த்தினால், நீங்கள் பாடத்தைக் கற்கவில்லை, பாடத்தின் தலைப்பைப் பார்த்து விடையளித்திருக்கிறீர்கள். பாடத்தின் பெயர் ‘பிரதியிடல் முறை’ என்றிருக்கும்போது எதைச் செய்ய வேண்டும் என்று யோசிக்கவே தேவையில்லை. மீள்பார்வையில் அந்தத் தலைப்பு இருக்காது. சோதித்துப் பார்க்க, கீழ்க்காணும் நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள்: 1/(எக்ஸ்² − 4), 1/(எக்ஸ்² + 4), எக்ஸ்/(எக்ஸ்² + 4), எக்ஸ்²/(எக்ஸ்² + 4). தொகையிட வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் எந்த முறை, ஏன் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். முதலாவது பகுதிப் பின்னங்கள். இரண்டாவது நேர்மாறு டேன்ஜென்ட். மூன்றாவதில் தொகுதி, பகுதியின் வகைக்கெழுவில் பாதி என்பதால் பிரதியிடல், விடையில் மடக்கை வரும். நான்காவதில் தொகுதியின் படியும் பகுதியின் படியும் சமம் என்பதால் முதலில் வகுத்து 1 − 4/(எக்ஸ்² + 4) என்று ஆக்க வேண்டும். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும் நான்குக்கும் நான்கு வழி. இந்தப் பிரித்தறியும் திறனைத் தனிப் பயிற்சியாக வாரம் ஒருமுறை செய்ய வேண்டும். பழைய வினாத்தாளிலிருந்து இருபது கணக்குகளை எடுத்து முறையின் பெயரை மட்டும் எழுதுவது அரை மணி நேர வேலை. குலசேகரத்திலிருந்தோ கருங்கலிலிருந்தோ நாகர்கோவிலுக்குப் பேருந்தில் வருகிறவர்கள் அதை அந்தப் பயணத்திலேயே முடித்துவிடலாம். பேருந்தில் உட்கார்ந்து பேசியில் முழுக் கணக்குப் போட முயல்வது வீண், ஆனால் வகைபிரிக்கக் கண்ணும் மனமும் போதும்.

அறிகுறி: நிலையறி தேர்வு மிகக் கீழே, அல்லது மிக மேலே நிறுத்திவிட்டது

கீழே நிறுத்தினால் மனம் கோணுகிறது; பட்டம் படிக்கிறவனைப் பத்தாம் வகுப்பில் உட்காரவைப்பதா என்று தோன்றுகிறது. அப்படி நிறுத்தப்பட்டவர் தெரிந்த பாடங்களை விரைவாகத் தாண்டிவிடுவார் என்பதால் இழப்பு அதிகபட்சம் சில நாட்கள்தான். மேலே நிறுத்தப்படுவதுதான் ஆபத்து. நான்கு தெரிவுகளில் ஊகித்து ஒன்றைத் தொட்டது, பக்கத்தில் இருந்த அண்ணனைக் கேட்டது, கணக்கைப் படமெடுத்துத் தீர்வு காட்டும் செயலியைத் திறந்தது ஆகிய எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே பதிவாகும். சேர்ந்த முதல் வாரத்திலேயே பாதிக்குமேல் தோல்வி என்றால் மறுபேச்சின்றி நிலையறி தேர்வை மறுபடி எழுதுங்கள். தெரியாததற்குத் ‘தெரியாது’ என்ற பொத்தானையே அழுத்துங்கள்.

அறிகுறி: கணக்குகள் வருகின்றன, நிரூபணம் வரவில்லை

எல்லை, தொடர் போன்றவற்றை வரையறையிலிருந்து நிறுவும் மெய்ப் பகுப்பாய்வு தொடங்கும்போது, அதுவரை நன்றாகப் போய்க்கொண்டிருந்தவர்களும் நின்றுவிடுகிறார்கள். இங்கே குறையின் ஒரு பங்கு திட்டத்தினுடையது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தேர்ச்சிமுறைத் திட்டம் தன்னால் திருத்த முடிந்ததைத்தான் கேட்கும். நிரூபணத்தைத் திருத்துவது எளிதல்ல என்பதால், படிகளை வரிசைப்படுத்து, விடுபட்ட சொல்லைத் தெரிவுசெய் என்ற வகைக் கேள்விகளோடு பல திட்டங்கள் நின்றுவிடுகின்றன. அவற்றில் நூற்றுக்கு நூறு எடுத்தவருக்கு வெற்றுத்தாளில் ஒரு நிரூபணம் தொடங்க வராமல் போவது வியப்பில்லை.

மறுபங்கு வழக்கம்போல முன்தேவைப் பாடத்தில் இருக்கிறது. எக்ஸ் 2ஐ நெருங்கும்போது எக்ஸ்² இன் எல்லை 4 என்று வரையறையிலிருந்து நிறுவச் சொல்கிறார்கள். எக்ஸ்² 4இலிருந்து விலகக்கூடிய அளவு எப்சிலான், அதற்காக எக்ஸ் 2இலிருந்து விலகக்கூடிய அளவு டெல்டா; கொடுக்கப்பட்ட ஒவ்வோர் எப்சிலானுக்கும் பொருத்தமான ஒரு டெல்டா கண்டுபிடிக்க வேண்டும். திணறுகிறவரைக் கேட்டால் எப்சிலான் டெல்டா புரியவில்லை என்பார். எழுதச் சொல்லிப் பார்த்தால், |எக்ஸ்² − 4| என்பதை |எக்ஸ் − 2| × |எக்ஸ் + 2| என்று பிரித்தபின் இரண்டாவது காரணியை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார். எக்ஸுக்கும் 2க்கும் உள்ள தூரம் 1ஐவிடக் குறைவு என்று கொண்டால் எக்ஸ் 1க்கும் 3க்கும் இடையில் இருக்கும், அப்போது |எக்ஸ் + 2| ஐந்தைத் தாண்டாது, ஆகவே டெல்டாவை 1, எப்சிலான்/5 ஆகிய இரண்டில் சிறியதாக எடுத்தால் போதும் என்ற வாதத்தில் எல்லை பற்றிய நுட்பம் ஏதும் இல்லை. அது முழுக்க அசமன்பாடும் மட்டு மதிப்பும்தான். சரியான மதிப்பைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, தாண்டாத ஒரு வரம்பைக் கட்டினால் போதும் என்ற மனப்பழக்கம் பள்ளிக் கணக்குகளில் ஏற்படுவதில்லை. அங்கே எல்லாவற்றுக்கும் சமக்குறிதான். எனவே பகுப்பாய்வைத் தொடங்கும் முன், ஓர் இடைவெளியில் எக்ஸ் இருக்கும்போது எக்ஸ்² + 3எக்ஸ் எதைத் தாண்டாது, 1/எக்ஸ் எதற்குக் கீழே போகாது என்பதுபோன்ற மதிப்பீட்டுக் கணக்குகளை ஒரு வாரம் போடுங்கள். பாதி மாணவர்களுக்கு இதுவே மருந்து.

எஞ்சிய பாதிக்கு நிரூபணம் எழுதும் ஒழுங்கு வேண்டும். தேடுவது பின்னாலிருந்து முன்னாக நடக்கும், எழுதுவது முன்னாலிருந்து பின்னாக நடக்கும். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் வேண்டிய முடிவையே எடுகோளாக வைத்துக்கொண்டு எழுதும் தவறு வந்துவிடும். ஆகவே தேடல் தாள் வேறு, எழுத்துத் தாள் வேறு. எழுதி முடித்ததை மறுநாள் எடுத்து, ‘ஆகவே’ வரும் ஒவ்வோர் இடத்திலும் எந்த வரையறையால், எந்தத் தேற்றத்தால் என்று ஓரத்தில் குறியுங்கள். குறிக்க முடியாத இடம்தான் ஓட்டை. ஒவ்வொரு தேற்றத்தோடும், அதன் நிபந்தனை ஒன்றை நீக்கினால் அது பொய்த்துப்போகும் ஓர் எடுத்துக்காட்டையும் சேர்த்துவையுங்கள். உறுப்புகள் பூச்சியத்தை நெருங்கினால் தொடர் ஒருங்கும் என்று எழுதத் தோன்றும்போதெல்லாம் 1 + 1/2 + 1/3 + 1/4 என்று போகும், உறுப்புகள் பூச்சியத்தை நெருங்கியும் ஒருங்காத தொடர் நினைவுக்கு வர வேண்டும்.

கெல்லரின் மாணவத் திருத்துநருக்கு ஈடு செய்ய வேண்டிய இடமும் இதுவே. வகுப்பில் ஒருவரோடு உடன்பாடு செய்துகொண்டு, வாரம் இரண்டு நிரூபணங்களைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பித் திருத்துங்கள். அவர் உங்களைவிடக் கெட்டிக்காரராக இருக்க வேண்டிய தேவையில்லை. புரியாத வரியில் ‘இது எப்படி வந்தது’ என்று கேட்கும் துணிவு போதும். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் என்ற இணையவழி வகுப்புத் தளத்தில் மெய்ப் பகுப்பாய்வு வகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு நிரூபணம் கரும்பலகையில் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்பதற்கு அவை உதவும். பார்த்துவிட்டுக் காணொளியை மூடி, தாமே எழுதிப் பார்த்தால் மட்டும்.

அறிகுறி: முன்னேற்றக் கோடு நகரவில்லை

தன்வேகம் என்றால் வேகமே இல்லாமல் போவது என்ற சிக்கல் கெல்லரின் காலத்திலிருந்தே அறியப்பட்டது. இதற்கு மனவுறுதி பற்றிய அறிவுரைகள் பயன்படுவதில்லை. நேரம் எங்கே என்று பார்ப்பதே பயன்படும். ரப்பர் பகுதிகளில் விடியற்காலையில் பால்வெட்டுக்கு வீட்டாரோடு போய்விட்டுக் கல்லூரிக்கும் வருகிற மாணவர்கள் இருக்கிறார்கள். அதிகாலையில் படியுங்கள் என்று அவர்களிடம் சொல்வது பொருளற்றது. அவர்களுக்கு மாலை ஆறரை முதல் ஏழேகால்வரை ஓர் அமர்வும் மதியத்தில் கல்லூரி நூலகத்தில் ஓர் அரைமணியும்தான் உண்மையான நேரம். நாள்தோறும் இந்த இரண்டு குறுகிய அமர்வுகள், ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் உட்காரும் நான்கு மணி நேரத்தைவிட அதிகம் தரும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மின்சாரமும் இணையமும் போகும் மாலைகளுக்கென்று, திட்டத்திலிருந்து பார்த்தெழுதிய பத்துக் கணக்குகள் நோட்டில் எப்போதும் இருக்கட்டும்.

பல நாள் திறக்காமல் விட்டவருக்கு மீள்பார்வை மலைபோலக் குவிந்திருக்கும். அதைக் கண்டு இன்னும் பல நாள் திறக்கமாட்டார். அதை ஒரே நாளில் தீர்க்க முயல வேண்டாம். புதிய பாடங்களை நிறுத்திவைத்து, நாளுக்குப் பத்துப் பதினைந்து மீள்பார்வைக் கணக்குகள் என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். அதில் தோற்றுத் திட்டம் உங்களை ஒரு படி கீழே இறக்கினால் இறங்குங்கள்.

புள்ளிகள் ஏறுகின்றன, ஆனால் பாடத்திட்டத்தில் இடம் பெயரவில்லை என்றால், எளிய பாடங்களையே தேடித் திறக்கிறீர்கள். நாளின் முதல் பாடம் எப்போதும் நீங்கள் தவிர்க்க நினைக்கும் பாடமாக இருக்கட்டும். இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

அறிகுறி: விடை சரி, திரை தவறு என்கிறது

முதலில் விடையின் வடிவத்தைச் சந்தேகியுங்கள், பிறகு உங்களை, கடைசியாகத் திட்டத்தை. 2 சைன் எக்ஸ் காஸ் எக்ஸ் என்பதன் தொகையைச் சைன்² எக்ஸ் என்றும் எழுதலாம், −காஸ்² எக்ஸ் என்றும் எழுதலாம், −(1/2) காஸ் 2எக்ஸ் என்றும் எழுதலாம். மூன்றும் மாறிலி அளவில் மட்டுமே வேறுபடுகின்றன. உங்கள் விடையிலிருந்து திரையின் விடையைக் கழித்து, எக்ஸுக்கு இரண்டு மூன்று வேறு மதிப்புகளை இட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே எண் வந்தால் இரண்டும் சரி. எண் மாறினால் ஒன்று தவறு, அது பெரும்பாலும் உங்களுடையது. பின்னத்தைச் சுருக்காமல் விட்டது, பாகைக்கும் ரேடியனுக்கும் குழம்பியது, மாறிலியை விட்டது ஆகியவையே எஞ்சிய காரணங்கள். திட்டத்தின் பிழைதான் என்று உறுதியானால் அறிக்கை அனுப்பிவிட்டு நகருங்கள். அதோடு மல்லுக்கு நிற்பதில் ஒரு மாலை போய்விடும்.

அறிகுறி: திட்டத்தில் தொண்ணூறு, பருவத் தேர்வில் நாற்பது

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நம் கல்லூரிகளின் பருவத் தேர்வு மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு. அங்கே விடை மட்டும் சரியாக இருந்தால் மதிப்பெண் முழுமையாகக் கிடைக்காது. வரையறை, பயன்படுத்திய தேற்றத்தின் கூற்று, இடைப்படிகள் எல்லாம் தாளில் இருக்க வேண்டும். திட்டமோ இறுதிப் பெட்டியில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துப் பழக்கியிருக்கிறது. இன்னொரு வேறுபாடும் உண்டு. திட்டத்தில் ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் சரியா தவறா என்ற செய்தி உடனே வந்துவிடும்; தேர்வறையில் மூன்று மணி நேரமும் எந்தச் செய்தியும் வராது. அந்த மௌனத்துக்குப் பழகாதவர்கள் சரியாகப் போட்ட கணக்கையே அடித்துவிட்டு மறுபடி போடுகிறார்கள்.

இதற்குத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். வாரம் ஒருமுறை பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, மூன்று மணி நேரம் முழுமையாக எழுதுங்கள். விடை சரியா என்று தாமே சோதிக்கும் வழிகளை அந்தத் தாளின் ஓரத்திலேயே செய்யுங்கள்: தொகையிட்டதை வகையிட்டுப் பார்ப்பது, ஐகன் மதிப்புகளின் கூட்டல் மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டலுக்குச் சமமா என்று பார்ப்பது, தீர்வைச் சமன்பாட்டில் இட்டுப் பார்ப்பது. எழுதிய தாளை உங்கள் ஆசிரியரிடமோ, அதே தாளை முன்பே எழுதித் தேறிய மூத்த மாணவரிடமோ கொடுத்து, விடைக்கு அல்லாமல் படிகளுக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். மதிப்பெண் எந்த வரிகளில் குறைகிறது என்று தெரிந்தபின், அடுத்த வாரம் திட்டத்தில் செய்யும் ஒவ்வொரு கணக்கையும், பெட்டியில் விடையை இடுவதற்கு முன், அந்த வரிகள் விடுபடாமல் நோட்டில் எழுதுங்கள். கடைசி வாரத்தில் புதிய பாடம் எதையும் திறக்க வேண்டாம். மீள்பார்வையும் வினாத்தாளும் மட்டும் போதும்.